உள்ளே பௌச்சா, வெளியே பேகா: எங்கள் வீட்டில் இரண்டு முறை எடுத்த முடிவு

மூன்று வருட இடைவெளியில் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குக் குடலில் பெரிய ஆபரேஷன் நடந்தது. தங்கைக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உட்பக்கம் அழற்சியும் புண்ணுமாக இருக்கும் நோய், 11 வருடமாக. கடைசியாக எடுத்த கொலனோஸ்கோபியில் (கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது, சுருக்கமாக ஸ்கோப்) டிஸ்பிளேசியா, அதாவது புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றம், மூன்று இடங்களில் இருந்தது. சித்தப்பாவுக்கு மலக்குடலின் அடிப்பக்கத்தில் புற்றுநோய், ஆசனவாயிலிருந்து 4 சென்டிமீட்டர் தூரத்தில். இரண்டு பேரிடமும் டாக்டர் சொன்னது ஒன்றுதான்: இப்படியும் செய்யலாம், அப்படியும் செய்யலாம், வீட்டில் பேசி முடிவு சொல்லுங்கள். தங்கை பை இல்லாத வழியை எடுத்தாள். சித்தப்பா நிரந்தரப் பையை எடுத்தார். இரண்டு பேருக்கும் ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நான். அவரவருக்கு அதுவே சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன், ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது "வயித்துல பை வைக்காம முடியாதா?" என்பதுதான். நானும் அதையே கேட்டேன். அந்தக் கேள்வியோடு உள்ளே போனால், பை வைக்காத வழி எதுவாக இருந்தாலும் அதுவே நல்லது என்று மனசு முதலிலேயே சாய்ந்துவிடுகிறது. குடலை வெட்டிய பிறகு தொல்லையே இல்லாத வழி என்று ஒன்று கிடையாது. பை வைத்தால் ஒரு வகைத் தொல்லை, வைக்காவிட்டால் வேறு வகை. இந்த ஆள், இவர் பார்க்கிற வேலையோடு, இவர் வீட்டில், எந்தத் தொல்லையைச் சுமந்துகொண்டு இருபது வருடம் ஓட்ட முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு சொல் குழப்பம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வயிற்றுக்கு வெளியே ஒட்டுகிற பையை நர்ஸுகளில் சிலர் பேக் என்கிறார்கள், சிலர் பௌச் என்கிறார்கள். பெருங்குடலை எடுத்துவிட்டுச் சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துத் தைத்து, உடம்புக்குள்ளேயே மலக்குடல் மாதிரி ஒரு தொட்டி செய்து ஆசனவாயோடு இணைப்பார்களே, அதற்கும் ஜே பௌச் என்றுதான் பெயர். அம்மா ஒரு வாரம் முழுக்க இரண்டையும் ஒன்று என்றே நினைத்துக்கொண்டிருந்தார். இங்கே நான் பௌச் என்றால் உள்ளே இருப்பது, பை என்றால் வெளியே இருப்பது.

அப்புறம், எந்த நோய் என்பது உறுதியாகாமல் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலையும் மலக்குடலையும் மட்டும் தாக்கும். இரண்டையும் எடுத்துவிட்டால் குடல் நோய் பெரும்பாலும் அதோடு முடிந்தது. க்ரோன்ஸ் என்ற இன்னொரு குடல் அழற்சி நோய் அப்படி இல்லை, வாய் முதல் ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரும், வெட்டி இணைத்த இடத்திலேயே திரும்ப வரும், புகைபிடிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். க்ரோன்ஸ் உள்ளவருக்குப் பௌச் வைத்தால் அதிலேயே புண், ஃபிஸ்டுலா (குடலிலிருந்து வேறு இடத்துக்குத் துளைத்துக்கொண்டு போகும் வழி) என்று போய்க் கடைசியில் எடுக்க வேண்டிய நிலைமை அதிகம் என்பதால் பொதுவாக வைப்பதில்லை. நம் நாட்டில் இன்னொரு சிக்கல், குடல் காசநோய் பார்வைக்கு க்ரோன்ஸ் மாதிரியே இருக்கும். டிஸ்பிளேசியா என்று ரிப்போர்ட் வந்தாலும் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லும் டாக்டர், பேத்தாலஜிஸ்ட், இரண்டாவதாக ஒருவர் அதே ஸ்லைடைப் பார்த்துச் சொல்லட்டும். தெளிவாகத் தெரிகிற ஒற்றைக் கட்டியில் மட்டும் இருந்தால் ஸ்கோப் வழியாகவே எடுத்துவிட்டுத் தொடர்ந்து கண்காணிக்கிற வழியும் உண்டு, உடனே குடலை எடுக்க வேண்டியதில்லை. தங்கைக்கு மூன்று இடம், சுற்றிலும் வீங்கிய குடல், அதனால் அந்த வழி இல்லாமல் போனது. (இந்த நோய் வந்து 8 வருடம் ஆனவர்கள் உடம்பு நன்றாக இருந்தாலும் ஸ்கோப் பார்த்துக்கொள்ள வேண்டும். தங்கை பத்தாவது வருடம்தான் பார்த்தாள்.)

சரி, தங்கை முன்னால் இருந்தவை மூன்று. பெருங்குடல், மலக்குடல் இரண்டையும் எடுத்துவிட்டுப் பௌச். இரண்டையும் எடுத்துவிட்டு நிரந்தரமாக இலியாஸ்டமி, அதாவது சிறுகுடலின் முனையை வயிற்றில் வெளியே கொண்டுவந்து பை. மூன்றாவது, மலக்குடலை மட்டும் விட்டுவைத்துச் சிறுகுடலை அதோடு இணைப்பது. மூன்றாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம்: ஆபரேஷன் சுலபம், இடுப்புக்குள் இருக்கும் நரம்புகளைத் தொட வேண்டியதில்லை, ஆனால் நோய் பிடித்த மலக்குடல் உள்ளேயே இருக்கிறது, புற்றுநோய் பயமும் அதோடு இருக்கிறது. டிஸ்பிளேசியா வந்த பிறகு அதை விட்டுவைக்க டாக்டர் சம்மதிக்கவில்லை, அவர் சொன்னதில் எங்களுக்கும் சந்தேகம் இல்லை.

பௌச்சைப் பற்றி நல்ல வார்த்தை முதலில். 1978இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியில் பார்க்ஸ், நிக்கோல்ஸ் என்ற இரண்டு சர்ஜன்கள் இதைச் செய்துகாட்டும்வரை, பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் வாழ்நாள் முழுக்கப் பைதான். இன்றைக்கு பௌச் வைத்தவர்களில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குப் பத்து வருடம் கழித்தும் அது வேலை செய்கிறது. வழக்கமாக மலம் வரும் வழியிலேயே வருகிறது. ஆனால் பழைய மாதிரி ஒரு நாளைக்கு ஒரு முறை இல்லை. ஐந்தாறு முறை, ராத்திரி ஒரு முறை, அதுவும் கெட்டியாக இருக்காது. முதல் வருடம் இதைவிட அதிகம். இதை டாக்டர் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினோம், மனசில் யாருக்கும் பதியவில்லை.

இனிமேல் சிக்கல்கள். இணைத்த இடத்தில் கசிவு, லீக் என்பார்கள், இதுதான் எல்லோரும் பயப்படுவது; வந்தால் இடுப்புக்குள் சீழ் கட்டும், அது ஆறினாலும் தழும்பு பிடித்துப் பௌச் விறைத்துப் போய் நன்றாக வேலை செய்யாமல் போகலாம். அடுத்து பௌச்சைட்டிஸ், பௌச்சிலேயே அழற்சி. ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு தடவையாவது வருகிறது, பெரும்பாலும் சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை இரண்டு வாரம் சாப்பிட்டால் அடங்கும். கொஞ்சம் பேருக்கு அடங்காமல் நாள்பட்ட நோயாகவே நின்றுவிடும். தங்கைக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை திடீரென்று ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை போனாள், பழைய நோயே திரும்பிவிட்டது என்று நினைத்து அழுதாள். இது வரக்கூடியதுதான், மாத்திரை இருக்கிறது என்று முன்கூட்டியே யாராவது அழுத்திச் சொல்லியிருந்தால் அந்த மூன்று நாள் அழுகை மிச்சம். இன்னொன்று, ஸ்டேப்லர் போட்டு இணைக்கும்போது அடியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பழைய மலக்குடல் ஓரம் தங்கும். அதில் அழற்சி வரலாம், அரிதாகப் புற்றுநோயும் வரலாம். அதனால் டிஸ்பிளேசியா இருந்தவர்கள் பௌச் வைத்த பிறகும் வருடா வருடம் ஸ்கோப் பார்க்க வேண்டும். "எல்லாத்தையும் எடுத்தாச்சே, இனி எதுக்கு" என்று விட்டுவிடாதீர்கள்.

பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும். இடுப்புக்குள் நடக்கும் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு கருக்குழாயைச் சுற்றித் தழும்பு ஒட்டிக்கொள்வதால், வயிற்றைத் திறந்து செய்த காலத்துக் கணக்குப்படி கருத்தரிக்க முடியாமல் போகும் வாய்ப்பு மூன்று மடங்கு வரை கூடுகிறது. லேப்ராஸ்கோப்பில், அதாவது சின்னத் துளைகள் வழியாக, செய்தால் இது குறைகிறது. புற்றுநோய் பயம் இல்லாதவர்கள் முதல் கட்டத்தோடு, அதாவது பெருங்குடலை மட்டும் எடுத்துப் பை வைத்ததோடு, நிறுத்தி, பிள்ளை பெற்ற பிறகு பௌச் வைத்துக்கொள்வதும் உண்டு. தங்கைக்கு அப்போது பையன் நான்கு வயது, அதனால் எங்களுக்கு இது பெரிய கேள்வி ஆகவில்லை. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இதை அம்மா அப்பாவிடம் மட்டும் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் விடுகிறார்கள், அது பெரிய தப்பு.

அடுத்தது நிரந்தர இலியாஸ்டமி. பௌச்சோடு பார்த்தால் ஒரே ஆபரேஷனில் முடியக்கூடியது, கீழே இணைப்பே இல்லை என்பதால் அங்கே லீக் என்ற பயமே இல்லை, பௌச்சைட்டிஸ் இல்லை, ராத்திரி அவசரமாக எழுந்து ஓட வேண்டியதில்லை. தோல் எரிவதுதான் அன்றாடத் தொல்லை, ஏனென்றால் சிறுகுடலிலிருந்து வரும் கழிவில் செரிமான நீர் இருக்கிறது, தோலில் பட்டால் அரிக்கும். 1952இல் ப்ரூக் என்ற ஆங்கிலேய சர்ஜன் குடல் முனையைச் சட்டைக் கையை மடிப்பது மாதிரி வெளிப்பக்கம் மடித்து, தோலுக்கு மேலே கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்க வைத்தார், அதற்கு முன்பு இருந்தவர்கள் பட்டபாடு சொல்ல முடியாது. இப்போதும் ஸ்டோமா, அதாவது வயிற்றில் வெளியே தெரியும் அந்தக் குடல் முனை, தட்டையாக அமைந்துவிட்டால், அல்லது தப்பான இடத்தில் வைத்துவிட்டால், பை நிற்காது.

அந்த இடம் விஷயத்தில் நாங்கள் அடிபட்டோம். பௌச் வைப்பதற்கு முன்னாலும் அது ஆறும்வரையிலும் தங்கைக்கும் தற்காலிகமாகப் பை இருந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன். முதல் ஆபரேஷனுக்கு முன்னால் யாரும் தங்கையை உட்கார வைத்து, குனிய வைத்து, பேனாவால் அடையாளம் போடவில்லை. படுத்த நிலையிலேயே இடம் முடிவாகிவிட்டது. எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு பார்த்தால் சரியாகப் புடவைக் கொசுவம் செருகுகிற மடிப்பில் ஸ்டோமா. வெயில் காலம் வேறு, வியர்வையில் ஒட்டு விட்டுப்போய் வாரத்துக்கு இரண்டு தடவை மாற்ற வேண்டியதை நாளுக்கு ஒன்று மாற்றினோம். இரண்டாவது ஆபரேஷனுக்கு வேறு ஊருக்குப் போனோம், அங்கே ஸ்டோமா நர்ஸ் ஒருவர் "புடவை கட்டிக்கிட்டு வாங்கம்மா" என்று சொல்லி, நிற்க, உட்கார, குனிய வைத்து மூன்று தடவை குறி போட்டார். வேட்டி கட்டுகிறவரானால் வேட்டியோடு போங்கள். ஐந்து நிமிட வேலைதான், அதற்குப் பிறகு வருடக்கணக்கில் நிம்மதி.

இலியாஸ்டமியில் உயிருக்கு ஆபத்தாகப் போகக்கூடியது தண்ணீர்ச் சத்து இழப்பு. பெருங்குடலின் வேலையே நீரையும் உப்பையும் உறிஞ்சுவது, அது இல்லை என்றால் எல்லாம் பையில் வந்துவிடும். நாளுக்கு முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் வந்தால் சரி. ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். தங்கை இரண்டாவது ஆபரேஷன் முடிந்து தற்காலிகப் பையோடு வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் தலை சுற்றி விழுந்தாள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருந்தது, மறுபடி அட்மிஷன். நாங்கள் செய்த தப்பு, தாகம் என்றதும் குடம் குடமாகத் தண்ணீரும் நாலைந்து இளநீரும் கொடுத்தது. உப்பில்லாத தண்ணீர் குடலுக்குள் போனால் உடம்பில் இருக்கும் உப்பை இழுத்துக்கொண்டு வெளியே வருகிறது, குடிக்கக் குடிக்கப் பை நிரம்புகிறது. இளநீரில் பொட்டாசியம்தான் நிறைய, இவர்களுக்கு வேண்டிய சோடியம் குறைவு. உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல், ஓஆர்எஸ்தான் வேண்டும். செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரிக் கலவை என்று ஒன்று டயட்டீஷியன் எழுதிக் கொடுத்தார்: ஒரு லிட்டர் தண்ணீரில் குளுக்கோஸ் 20 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம். வெறும் தண்ணீரைக் குறைத்து இதை வாய் வாயாகக் குடிக்க வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் லோபரமைடு (குடல் ஓட்டத்தை மெதுவாக்கும் மாத்திரை), குழைந்த சோறு, உப்புப் போட்ட கஞ்சி, ஜவ்வரிசி, வாழைப்பழம், இவை கழிவைக் கெட்டியாக்கும். முதல் மாதம் ஒரு அளவுக் குவளை வாங்கி எவ்வளவு வருகிறது என்று எழுதி வையுங்கள். இன்னொன்று, மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகள் அப்படியே முழுசாகப் பையில் வந்து விழும், சாப்பிட்டும் பலன் இருக்காது, டாக்டரிடம் சொல்லி வேறு வகைக்கு மாற்ற வேண்டும். வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய்ச் சில்லு, பலாப்பழம் எல்லாம் முதல் இரண்டு மாதம் வேண்டாம், ஸ்டோமாவில் அடைத்துக்கொள்ளும். அப்புறம் நன்றாக மென்று கொஞ்சம் கொஞ்சமாக.

இவ்வளவுக்கும் பிறகு தங்கை ஏன் பௌச்சையே எடுத்தாள்? அவளுக்கு மூன்று கட்டமாகச் செய்தார்கள். மாதக்கணக்கில் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 30 மில்லிகிராம் சாப்பிட்டிருந்தாள், ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைவு, ரத்தசோகை. அந்த உடம்பில் நேரடியாகப் பௌச் வைத்தால் இணைப்பு ஆறாது என்று முதலில் பெருங்குடலை மட்டும் எடுத்துப் பை வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து மலக்குடலை எடுத்துப் பௌச், அது ஆறும்வரை இன்னொரு தற்காலிகப் பை, மூன்று மாதம் கழித்து அதை மூடினார்கள். ஆக முடிவெடுப்பதற்கு முன்பே ஆறு மாதம் பையோடு வாழ்ந்து பார்த்துவிட்டாள். பையோடு இருக்க முடியும், ஆனால் தனக்கு அது ஒத்துவரவில்லை என்று தெரிந்தே முடிவெடுத்தாள். பௌச் கெட்டுப்போனால் மறுபடி பைக்குப் போகலாம், மலக்குடலையும் ஆசனவாயையும் எடுத்து மூடிவிட்டால் பௌச்சுக்குத் திரும்ப முடியாது என்பதும் அவள் கணக்கில் இருந்தது. பள்ளிக்கூட டீச்சர், 45 நிமிட வகுப்பு அவளுக்குப் பிரச்சினை இல்லை. ராத்திரி ஒரு முறை எழுந்திருக்கிறாள், அதைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. பௌச் வைக்க நினைப்பவர்களுக்கு என் ஒரே கண்டிப்பான பேச்சு, வருடத்தில் எத்தனை பௌச் செய்கிறீர்கள் என்று சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள். எப்போதாவது ஒன்று செய்கிறவரிடம் இதற்குப் போகாதீர்கள், ஊர் தள்ளிப் போனாலும் பரவாயில்லை.

சித்தப்பா கதை வேறு. நாமக்கல், சொந்த லாரி, 58 வயதிலும் தானே ஓட்டுவார். ரேடியேஷனும் கீமோவும் கொடுத்துக் கட்டி சுருங்கியது, முழுக்க மறையவில்லை. (முழுக்க மறைந்துவிட்டால் ஆபரேஷன் இல்லாமல் கண்காணிக்கும் முறையும் இப்போது இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.) மிகவும் கீழே இறங்கி வெட்டி, பெருங்குடலை ஆசனவாய்க்குப் பக்கத்தில் இணைத்துத் தற்காலிகப் பை வைக்கலாம், அல்லது ஆசனவாயையும் சேர்த்து எடுத்து மூடிவிட்டு நிரந்தரக் கொலாஸ்டமி, அதாவது பெருங்குடலின் முனையை வயிற்றில் வெளியே கொண்டுவந்து பை. புற்றுநோயைப் பொறுத்தவரை தனக்கு இரண்டும் ஒன்றுதான், வெட்டும் ஓரத்தில் புற்றுநோய் மிஞ்சாமல் எடுத்துவிட முடியும் என்றார் சர்ஜன்.

எல்லோரும் இணைக்கச் சொன்னோம். சித்தப்பாதான் கேள்வி கேட்டார். இணைத்தால் எத்தனை தடவை போகும்? மலக்குடல் இல்லாததால் தேக்கி வைக்க இடம் இல்லை, அடுத்தடுத்து நாலு தடவை, அவசரம், சில நேரம் தெரியாமலே கசிவது, இதற்கெல்லாம் சேர்த்து லார்ஸ் என்று பெயரே இருக்கிறது. கீழே இணைத்தவர்களில் பத்தில் நான்கு பேருக்கு இது கடுமையாகவே இருக்கிறது, ரேடியேஷன் எடுத்தவர்களுக்கு இன்னும் கூடுதல். தற்காலிகம் என்று வைத்த பையை மூடவே முடியாமல் போகிறவர்களும் ஐந்தில் ஒருவர் அளவுக்கு உண்டு. "பெங்களூர் ரோட்ல வண்டி நிக்கிறப்ப நான் எங்க கண்ணு ஓடுவேன்?" என்று என்னைக் கேட்டார், எனக்குப் பதில் இல்லை.

கொலாஸ்டமி இலியாஸ்டமி மாதிரி ஓயாமல் ஒழுகாது, பெருங்குடலின் பெரும்பகுதி இருப்பதால் கழிவு கெட்டியாக வரும். அதில் இன்னொரு வசதி, இரிகேஷன்: காலையில் முக்கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரை ஸ்டோமா வழியாக விட்டுக் குடலைச் சுத்தம் செய்துவிட்டால் அன்று முழுக்க எதுவும் வராது. ஒரு மணி நேரம் ஆகும். நர்ஸிடம் கற்றுக்கொண்டு, டாக்டர் சரி என்ற பிறகே செய்ய வேண்டும். சித்தப்பா நான்கு மணிக்கு எழுந்து முடித்துவிட்டு வண்டி எடுக்கிறார்.

அவருக்குச் சிக்கல் வரவில்லையா என்றால், வந்தது. ஆசனவாய் எடுத்த இடத்துப் புண் ஆற மூன்று மாதம் பிடித்தது, ரேடியேஷன் கொடுத்த சதை சீக்கிரம் ஆறாது. உட்கார முடியாமல் ஒருக்களித்தே படுத்திருந்தார், அந்த மூன்று மாதம் தப்பான முடிவு எடுத்துவிட்டோமோ என்று எனக்கே தோன்றியது. இரண்டாம் வருடம் ஸ்டோமாவைச் சுற்றி ஹெர்னியா, குடல் பிதுங்கி வீங்குவது. கொலாஸ்டமி வைத்தவர்களில் காலப்போக்கில் பாதிப் பேர் வரை இது வருகிறது. தார்ப்பாய் இழுத்ததால் வந்தது என்று சித்தி சொல்கிறார். பெல்ட் போட்டுக்கொள்கிறார், கனம் தூக்குவதில்லை, வலியோ அடைப்போ இல்லாததால் மறு ஆபரேஷன் இப்போதைக்கு இல்லை. இன்னொரு விஷயம், இடுப்பு நரம்புகள் அடிபட்டால் சிறுநீர் கழிப்பதிலும் ஆண்மையிலும் குறை வரலாம். இது இரண்டு வழிக்கும் உண்டு. டாக்டராகச் சொல்லவில்லை. நான் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து சித்தப்பா தனியாகக் கேட்டிருக்கிறார், நல்லவேளை கேட்டார். இப்படிக் கேட்க வசதியாக வீட்டுப் பெண்கள் கொஞ்ச நேரம் வெளியே போய் நில்லுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் பொதுவானவை சில. புகையை நிறுத்துவது, ஸ்டீராய்டை டாக்டர் சொல்படி குறைப்பது (திடீரென்று நீங்களாக நிறுத்தக் கூடாது), ரத்தசோகையைச் சரிசெய்து உடம்பில் சத்தை ஏற்றிக்கொள்வது, இவை லீக் வாய்ப்பைக் குறைக்கும். குடல் அழற்சி நோயும் சரி புற்றுநோயும் சரி, ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும், அதனால் காலில், நுரையீரலில் ரத்தம் உறைந்து அடைக்காமல் இருக்க வயிற்றில் போடும் ஊசியை வீட்டுக்கு வந்த பிறகும் நான்கு வாரம் வரை எழுதுவார்கள். வலிக்கிறது என்று நடுவில் விடாதீர்கள். குடல் ஒட்டிக்கொண்டு அடைப்பு வருவது பத்து வருடம் கழித்தும் நடக்கலாம்.

முதல் மாதம் வீட்டில் இருக்கும்போது இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்: காய்ச்சல், குளிர் நடுக்கம், ஓய்வாகப் படுத்திருக்கும்போதே நாடித்துடிப்பு 100க்கு மேல், குறைந்துகொண்டு வந்த வயிற்று வலி திரும்பக் கூடுவது, பையில் ஆறு மணி நேரம் ஒன்றுமே வராமல் வாந்தி (இது இலியாஸ்டமிக்கு), சிறுநீர் குறைந்து கலங்கலாகப் போவது, ஸ்டோமா சிவப்பு மாறிக் கறுத்துப் போவது, ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சு வாங்குவது. பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஆபரேஷன் செய்த டாக்டருக்கு அங்கிருந்தே போன் போட்டுப் பேச வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனிலாவது வைத்திருங்கள். தங்கை விழுந்த அன்று அந்தக் காகிதம் பீரோவுக்குள் இருந்தது, சாவி அவளிடம்.